மாத்திரைக்கு முன் ஒரு துளி இரத்தம்



காய்ச்சல் என்று வந்தால் நம் லயங்களில் முதலில் என்ன நடக்கிறது? பக்கத்து வீட்டில் மிச்சம் கிடக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். மறுநாள் கெர்லிங் கடைத்தெருவுக்குப் போய் வேறு மாத்திரை வாங்குகிறோம். அதற்கும் அடங்கவில்லை என்றால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என் முன்னால் வந்து, "டிரசரய்யா, ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்குப் பிரட்டுக்குப் போகணும்" என்று நிற்கிறோம். இருபது ஆண்டுகளாக இதையே பார்த்து வருகிறேன். இம்முறை உங்களை மட்டும் குறை சொல்ல நான் எழுதவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

போன டூரியான் பருவத்தில் செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் வந்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். நல்ல உடற்கட்டு. நான்கு நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி. டெங்கியாக இருக்கும் என்று எண்ணி அட்டையில் சோதித்தேன். டெங்கி இல்லை என்று காட்டியது. பாரசிட்டமோல் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, இரண்டு நாள் எம்.சி. எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் மாலையில் எங்கே போகிறார், இரவில் எங்கே படுக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். காட்டோரத்து டூரியான் தோட்டத்தில், பழம் விழுவதற்குக் காத்துக்கொண்டு, குடிசையில் எட்டு இரவு படுத்திருந்தார்.

மறுநாள் இரவு அவர் மனைவி ஓடி வந்தார். "அய்யா, மூச்சு வாங்குது, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு" என்றார். அவசரமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே இரத்தத் தட்டணு குறைந்திருந்ததைப் பார்த்து முதலில் அவர்களும் டெங்கி என்றுதான் நினைத்தார்களாம். இரவு வேலையில் இருந்த ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் உள்ளே இருந்த கிருமி தெரிந்தது. மலேரியா! தீவிரச் சிகிச்சைப் பிரிவு, ஆர்ட்டிசுனேட் ஊசி, சிறுநீரகம் தேறுமா தேறாதா என்று ஒரு வாரப் போராட்டம். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். பிழைத்தது அவருடைய நல்ல காலம். அந்தத் தகட்டை நான் என் மேசையிலேயே ஒரு நாள் முன்னதாக எடுத்திருக்க வேண்டும். கண்ணாடித் தகடுகள் என் அலமாரியில் இருந்தன. பெட்டியின் மேல் தூசி படிந்திருந்தது.

ஏன் எடுக்கவில்லை? "இந்தப் பக்கம் இப்போது மலேரியா ஏது?" என்ற எண்ணம். இந்த எண்ணத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். ஏனென்றால் அது உங்களிடமும் இருக்கிறது.

நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் தோட்டம் என்றாலே குளிர்காய்ச்சல்தான். பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கொய்னா குடிக்க வைத்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பைத் தூர்த்து, கான் வெட்டிக் கொசுவை அடக்கியதிலிருந்து தொடங்கிய போர் அது. நூறு ஆண்டுக்கு மேல் நடந்தது. பலனும் கிடைத்தது. மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கொசு வழியாகப் பரவும் அந்தப் பழைய மலேரியா, 2018-இல் இந்நாட்டுக்குள்ளேயே தொற்றி ஒருவருக்குக்கூட வரவில்லை. இது பெரிய சாதனைதான். ஆனால் அதே 2018-இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இன்னொரு மலேரியா வந்தது. அது குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வருவது. அதன் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. நம் தம்பியைப் பிடித்தது அதுதான் என்று பிறகு வந்த பி.சி.ஆர். முடிவு சொன்னது.

கிருமிக்குப் பெயர் எதற்கு, மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பெயர் தெரியாமல் மருந்து எதைக் கொடுப்பது? மலேரியா என்பது ஒரே கிருமி அல்ல. வைவாக்ஸ் என்ற வகை கல்லீரலுக்குள் பதுங்கிக்கொண்டு மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். அதை வேரோடு அழிக்கத் தனி மருந்து வேண்டும். அந்த மருந்து சிலருடைய இரத்தத்துக்கு ஆகாது, ஆகவே அதற்கு முன் வேறொரு சோதனையும் வேண்டும். பால்சிபாரம் மூளையைத் தாக்கும். மலேரியே என்ற வகை ஓரளவு சாதுவானது, மூன்று நாளுக்கு ஒருமுறைதான் பெருகும். நோலெசியோ இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது. இன்று காலை உடம்பில் இருப்பது நாளைக் காலையில் பல மடங்கு. ஆகவேதான் என் மேசையில் நான் தவறவிட்ட அந்த ஒரு நாள் சாதாரண நாள் அல்ல.

இதிலே பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்த நோலெசி நெடுங்காலம் பொய்ப் பெயரில் உலாவியது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் இளம் பருவம் பால்சிபாரம் போலவே இருக்கும். வளர்ந்த பருவம் மலேரியே போலவே இருக்கும். கைதேர்ந்தவர்களே ஏமாந்தார்கள். 1932-இல் கல்கத்தாவில் நோல்சும் தாஸ் குப்தாவும் குரங்கின் இரத்தத்தில் இருந்த இக்கிருமி மனிதனுக்கும் தொற்றும் என்று சோதனையில் காட்டினார்கள். நோல்சு பெயர்தான் கிருமிக்கு வந்தது. அதன் பின் முப்பது ஆண்டுக்கு மேல், காட்டில் இது தானாக மனிதனைப் பிடிக்கும் என்று எவரும் நிரூபிக்கவில்லை. 1965-இல் பகாங் காட்டில் நில அளவை வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய அமெரிக்கர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. தகட்டைப் பார்த்து முதலில் ஒரு வகை என்றார்கள், பிறகு இன்னொரு வகை என்றார்கள். அவர் இரத்தத்தைக் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்த பிறகே இது குரங்கு மலேரியா என்று உறுதியானது. அப்போதும் இது ஏதோ ஒருவருக்கு அபூர்வமாக வந்தது என்றே உலகம் எண்ணிக்கொண்டது.

பிறகு சரவாக்கில், காப்பிட் வட்டாரத்தில், பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவரோடு உழைத்தவர்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். தகட்டில் 'மலேரியே' என்று எழுதப்படுகிறது. ஆனால் நோயாளிகளோ அந்தச் சாதுவான வகையில் வருவதைவிட மிக அதிகமான கிருமியோடு கிடக்கிறார்கள். சந்தேகப்பட்டு பி.சி.ஆர். முறையில் சோதித்தார்கள். 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலெசி. 2004-இல் இது வெளியானது. எழுதி வைத்த பெயர் தவறு என்று ஒருவர் சந்தேகப்பட்டதால் எத்தனை உயிர் தப்பியது என்று எண்ணிப் பாருங்கள்.

பி.சி.ஆர். என்றதும் கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டது உங்களுக்கு நினைவுக்கு வரும். அதே தத்துவம்தான். ஒவ்வொரு கிருமிக்குள்ளும் அதற்கே உரிய மரபு எழுத்து ஒன்று உண்டு. அந்த எழுத்தைத் தேடிப் பிடித்து, கோடி மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது இயந்திரம். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வது நுண்ணோக்கி. அடையாளக் கார்டு எண்ணைப் படிப்பது பி.சி.ஆர். இரட்டைப் பிள்ளைகளை முகம் பார்த்துப் பிரிக்க முடியாது, கார்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? அதனால்தான் தகட்டில் மலேரியே போலத் தெரிந்தால், அதை நோலெசி என்றே கருதி உடனே வைத்தியத்தைத் தொடங்க வேண்டும். பி.சி.ஆர். வரும் வரை காத்திருக்கக் கூடாது.

சரவாக் எங்கே, கெர்லிங் எங்கே என்று எண்ணுகிறீர்களா? 2009 முதல் 2013 வரை நம் உலு சிலாங்கூர் மாவட்டத்திலேயே இந்நோயைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திரா வைத்திலிங்கம் என்ற கொசு ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் செய்தது. நோயாளிகள் இருந்த இடங்களுக்குப் போய்க் கொசு பிடித்து, அதன் வயிற்றையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் திறந்து பார்த்தார்கள். அனோபிலிஸ் இன்ட்ரோலேட்டஸ் என்ற காட்டுக் கொசுதான் இங்கே இதைச் சுமக்கிறது என்று கண்டார்கள். நாம் டூரியான் பொறுக்கும் மலையடிவாரம், மீன் பிடிக்கப் போகும் ஆற்றோரம், மூங்கில் வெட்டப் போகும் காடு எல்லாம் இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவைதான். அந்தக் கொசு வீட்டுக்குள் வந்து கடிப்பதைவிட, பொழுது சாய்ந்த பிறகு வெளியில் இருப்பவரைக் கடிப்பதே அதிகம். வீட்டுச் சுவரில் மருந்தடித்தால் போதும் என்ற பழைய கணக்கு இதற்குச் சரிவராது. (இதைப் படித்துவிட்டுக் குரங்கை அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். குரங்கு தொட்டோ கடித்தோ இது வருவதில்லை.)

இப்போது அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்கிறேன். விரல் நுனியில் குத்தினால் ஒரு துளி இரத்தம். அதைத் தகட்டின் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் தடவுகிறோம். தடிப்பான பூச்சில் இரத்தம் அதிகம் இருப்பதால் கிருமி இருக்கிறதா இல்லையா என்று தெரியும். மெல்லிய பூச்சில் இரத்தச் சிவப்பணு உடையாமல் இருப்பதால் எந்த வகைக் கிருமி என்று பார்க்கலாம். காயவிட்டு, சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டுப் பெருக்கிப் பார்க்க வேண்டும். குறைந்தது நூறு இடங்களையாவது நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகே 'இல்லை' என்று எழுதலாம். இதிலே நமக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. தடிப்பான பூச்சுக்கு உலகமெங்கும் பயன்பட்ட விரைவுச் சாயம் ஒன்றை 1940-41-இல் உருவாக்கியவர், கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்த டாக்டர் பீல்டு. இன்றும் அது பீல்டு சாயம்தான். மலாயாவின் காய்ச்சலை வைத்தே உலகத்துக்குச் சாயம் கொடுத்த நாட்டில் இருந்துகொண்டு, தோட்டத்து டிரசராகிய நான் தகட்டுப் பெட்டியில் தூசி படியவிட்டேன்!

ஒரு தகட்டில் கிருமி இல்லை என்றால் தீர்ந்ததா? இல்லை. காய்ச்சல் விடவில்லை என்றால் மறுநாளும், அதற்கு மறுநாளும் எடுக்க வேண்டும். கிருமி குறைவாக இருக்கும் தொடக்கத்தில் நூறு இடத்திலும் கண்ணில் படாமல் போகும். அவசரத்துக்கு அட்டைச் சோதனை உண்டு, ஆனால் அது நோலெசியைப் பல முறை தவறவிடும். "நேத்துதான் குத்துனீங்களே, மறுபடியும் எதுக்கு?" என்று நீங்கள் முகம் சுளிப்பதை நான் அறிவேன். எலி மூத்திரக் காய்ச்சலிலும் இதே கதைதான். உடம்பு அந்தக் கிருமியை எதிர்த்து எழுப்பும் பொருள் முதல் வாரத்தில் இரத்தத்தில் போதிய அளவு வந்திருக்காது. பத்து நாள், இரண்டு வாரம் கழித்து இரண்டாவது முறை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உறுதி. முதல் இரத்தம் கொடுத்துவிட்டுக் காய்ச்சல் விட்டதும் இரண்டாவதற்கு வராமல் போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு வந்தது என்ன என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது. அதே வாய்க்காலில் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்யும் அடுத்தவருக்கும் எச்சரிக்கை கிடைப்பதில்லை.

சளிச் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்குச் சளி கேட்பார்கள். நம்மவர்கள் பலர் வாய் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எச்சிலில் என்ன இருக்கும்? காலையில் எழுந்ததும், வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும். நுண்ணோக்கியில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி லிட்டர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமி இருந்தாக வேண்டும். எச்சிலைக் கொடுத்து 'இல்லை' என்று சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதே வீட்டில் பேரப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துப் படுத்திருக்கும் தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன். முன்பு சளியை வளர்த்துப் பார்க்க ஆறு, எட்டு வாரம் ஆகும். இப்போது இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்றே சொல்லும் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் என்ன இயந்திரம் வந்தாலும் குப்பியில் சளி இருந்தால்தானே சொல்லும்!

ஆகவே மாத்திரைக்கு முன் மாதிரி என்கிறேன். காய்ச்சல் தணிய பாரசிட்டமோல் போடலாம், தடையில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஆன்டிபயாட்டிக், சென்ற ஆண்டு மிச்சம் வைத்த கேப்சூல், எவரோ ஊரிலிருந்து கொண்டுவந்த மலேரியா மாத்திரை இவற்றை விழுங்கிவிட்டு வராதீர்கள். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, கண்ணாடித் தகட்டில் தெரியாத அளவுக்குக் குறைத்து ஒளித்து வைக்கும். காசநோயிலும் சில ஆன்டிபயாட்டிக் இதே வேலையைச் செய்யும். விழுங்கிவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் என்ன விழுங்கினீர்கள் என்று சொல்லுங்கள். நான் திட்டமாட்டேன். (சரி, கொஞ்சம் திட்டுவேன்.)

எங்கள் தரப்பில் இருக்கும் குறையையும் சொல்லத்தான் வேண்டும். மலேரியா குறைந்தது என்றதும் பல தோட்டங்களில் தகடு எடுக்கும் வழக்கமே நின்றது. ஒரு தோட்டத்து நிர்வாகத்திடம் தகடும் சாயமும் கேட்டபோது, "ஆளே இல்லாத நோய்க்கு எதற்குச் செலவு?" என்று பதில் வந்ததாக என்னோடு படித்த டிரசர் ஒருவர் சொன்னார். ஒரு பெட்டித் தகட்டின் விலை என்ன, ஒருவர் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் செலவு என்ன? இன்று நம் லயங்களில் வங்காள தேசத்தவரும் இந்தோனேசியரும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பழைய மலேரியா இன்னும் இருக்கும் இடங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களைக் கண்டு ஒதுங்கச் சொல்லவில்லை. காய்ச்சல் கண்டால் அவர்களுக்கும் அதே தகடு எடுக்க வேண்டும் என்கிறேன். பெர்மிட் பிரச்சினைக்குப் பயந்து அறையில் சுருண்டு கிடப்பவருக்கு நீங்கள்தான் கை கொடுத்துக் கூட்டி வர வேண்டும்.

இன்னொரு குறை, முடிவு திரும்பி வராதது. இரத்தம் போகிறது, சளி போகிறது. என்ன ஆனது என்று தோட்டத்துக்குச் செய்தி வருவதற்குள் ஆள் குணமாகியிருப்பார் அல்லது மாவட்டத்தையே விட்டுப் போயிருப்பார். சென்ற பருவத்தில் அந்தத் தம்பியின் பி.சி.ஆர். முடிவை நானாகத் தொலைபேசியில் நான்கு முறை கேட்டுத்தான் வாங்கினேன். நோய் காட்டோரத்தில் பிடித்தது என்று உறுதியாகத் தெரிந்ததும் அதே டூரியான் தோட்டத்தில் படுத்திருந்த மற்ற மூவரையும் கூப்பிட்டுத் தகடு எடுத்தேன். ஒருவருக்குக் கிருமி இருந்தது. காய்ச்சல் லேசாக இருந்ததால் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரை நடந்தே ஆஸ்பத்திரி வாசலில் இறங்க வைத்தோம். மூன்று நாளில் மாத்திரையோடு தீர்ந்தது.

கிளைக் கூட்டங்களில் சம்பளம், குலை விலை, வீடு பழுது எல்லாம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அதோடு தோட்டக் கிளினிக்கில் தகடும் சாயமும் உள்ளனவா, மாதிரி எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது, எத்தனை நாளில் முடிவு வருகிறது என்பதையும் கேளுங்கள். நாள் சம்பளம் போய்விடும் என்று பயந்து சோதனைக்கு வராதவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, வைத்தியர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உங்கள் உரிமை. அது எவரும் போடும் பிச்சை அல்ல. அதை மறுத்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

என் கிளினிக்கில் தகட்டுப் பெட்டி இப்போது மேசை மேலேயே இருக்கிறது. காட்டுக்கோ டூரியான் தோட்டத்துக்கோ போய்வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஞாயிற்றுக்கிழமையானாலும் கதவைத் தட்டுங்கள். எங்கே படுத்தீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். நான் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.